நகராத முள்

லேசான கான்கிரீட் கல் வார்க்கும் கம்பெனியில் தவமணிக்கு ஒரே வேலைதான். ஈரம் காயக் காயக் கல் எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்க வேண்டும். சுருங்கினால் கருவியின் முள் நகரும். அந்தக் கல்லில் எழுப்பிய சுவர் பிற்பாடு விரிசல் விடும். அங்கே முள் நகர்ந்துகொண்டே இருந்தது.

முதலாளி சபாபதி அறைக் கதவைச் சாத்தினார்.

"பள்ளிக்கூடம் கட்டுற ஆர்டர் வருது. அடுத்த மாசம் அதிகாரி மேடம் வந்து அளந்து பாக்குறப்ப முள் நகரக் கூடாது. உனக்கு முன்னாடி இங்க இருந்தவன் இப்ப எங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

தவமணி சாத்திய கதவைப் பார்த்தாள்.

"சரிங்க மொதலாளி."

சொன்னபடி அதிகாரி வந்து அளந்தார். வார்த்த அன்றைக்கு இருந்த நீளம் அப்படியே இருந்தது. சபாபதி மீசையைத் தடவிக்கொண்டார்.

"எப்படிம்மா இது?" என்றார் அதிகாரி.

தவமணி திரும்பிப் பார்த்தாள். இன்று கதவு திறந்திருந்தது. வாசலில் வேலையாட்கள் எல்லோரும் நின்றார்கள்.

"முள் நகரக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவுங்க மேடம். அதான் வார்த்ததிலேர்ந்து கல்லைத் தண்ணித் தொட்டியிலயே போட்டு வச்சேன். பள்ளிக்கூடத்தையும் தொட்டிக்குள்ளயே கட்டிடலாங்க. பிள்ளைங்களுக்கு நீச்சல் தெரிஞ்சாப் போதும்."