ஆதிமொழி தேடின ராஜா

மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருக்கிறேன். நகக்கண்ணெல்லாம் பச்சை. வேலை கைக்குத்தானே, கதைக்கு என்ன தடை? கேளுங்கள்.

கொன்றையூர் என்று ஒரு தேசம். ராஜா பேர் சிம்மகேது. அவருக்குக் கோபம் வந்தால் தாங்கிவிடலாம், சந்தேகம் வந்தால்தான் ஊர் தாங்காது. ஒருநாள் வந்துவிட்டது.

"மனுஷன் முதன்முதல்ல பேசின மொழி எதுய்யா?"

மந்திரி தமிழ் என்றார். புரோகிதர் தேவபாஷை என்றார். தளபதி மீசையைத் தடவிக்கொண்டே, "முதல்ல சண்டைதான் போட்டிருப்பாங்க மகாராஜா, பேச்செல்லாம் அப்புறந்தான்" என்றார்.

அப்போது சகலபாஷா பண்டிதர் எழுந்தார். பதினெட்டு பாஷை படித்தவர். பதினெட்டிலும் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தெரிந்தவர்.

"ஆராய்ச்சி பண்ணினா தெரிஞ்சுடும் மகாராஜா. ஒரு கைக்குழந்தையைப் பேச்சுச் சத்தமே இல்லாத வீட்ல வளர்க்கணும். தாய் தாலாட்டக் கூடாது. தோட்டத்துல காக்காகூடக் கத்தக் கூடாது. யாரும் சொல்லித் தராம அது தானா வாயைத் திறந்து என்ன பேசுதோ, அதுதான் ஆதிமொழி!"

"பலே! கொண்டுவாங்க ஒரு குழந்தையை!" என்றார் ராஜா. காக்காய் விரட்டக் கவண்காரர்கள் அப்போதே தோட்டத்துக்கு ஓடினார்கள்.

அரண்மனைக்குப் பூக்கட்டுகிறவள் பொன்னுருவி. அவள் மகன் அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தான். அவனைத்தான் கொடு என்று காவலர்கள் வந்து நின்றார்கள். அவள் பிள்ளையை வாரிக்கொண்டு அரண்மனை விகடகவி வேம்பனிடம் ஓடினாள். வேம்பனுக்குச் சபையில் ஒரே வேலை. ராஜா கோணலாக ஏதாவது சொன்னால் இருமுவது.

"அண்ணே, பேச்சில்லாத வீட்ல போட்டா என் பிள்ளை ஏங்கியே செத்துடுமே!"

"அழாதே தாயி. பிள்ளையோட சபைக்கு வா."

சபையில் வேம்பன் கும்பிட்டுக்கொண்டு, "அருமையான ஆராய்ச்சி மகாராஜா. ஆனா இந்தப் பிள்ளையைத் தூக்கணும், குளிப்பாட்டணும். தூக்கினவங்க ஒரு வார்த்தை பேசிட்டாலும் எல்லாம் பாழ். பேசாம தூக்கத் தெரிஞ்சவர் யாருன்னு முதல்ல பார்த்துடுவோம். ஒருத்தரும் தேறலேன்னா பிள்ளை தாய்கிட்டேயே இருக்கட்டும்" என்றான்.

"சரி. பேசினவன் நாக்குல சூடு!" என்றார் ராஜா. சூட்டுக்கோல்காரன் அடுப்பை ஊத ஆரம்பித்தான்.

"இது ஒரு பெரிய காரியமா? மௌனவிரதம் இருந்து பழகின உடம்பு" என்று பண்டிதர் முதலில் கை நீட்டினார். பிள்ளை அவர் தாடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தது. பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

"அட படவா! தாத்தா தாடியா? தாத்தா தாடியா பிடிச்சே?" என்று கீச்சுக்குரலில் குழைந்தார் பண்டிதர். பதினெட்டு பாஷையும் எங்கே போனதோ!

தளபதி "தள்ளுய்யா" என்று வாங்கினார். தொடையில் வேல் பாய்ந்தபோதும் வாய் திறக்காதவர். கல்லாக நின்றார். பிள்ளை சின்னதாக ஒரு தும்மல் போட்டது.

"நூறாயுசு!" என்று அலறிவிட்டார். "தங்கம் தும்மிச்சா? மூக்கு எங்கே, குஞ்சு மூக்கு எங்கே?"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "வெட்கக்கேடு! ஒரு வாயை மூடத் தெரியல, இதுல ராஜாங்கம் நடத்துறீங்க! கொடுங்க இப்படி."

ராஜா உதட்டை இறுக்கிக்கொண்டு தூக்கினார். கிரீடத்தைப் பார்த்துப் பிள்ளை மிரண்டது. உதடு பிதுங்கியது. பிள்ளை வீல் என்று அழுதது.

"ஓ... ஓ... ஓ! என் செல்லத்தை யாரு அடிச்சா? ராஜா அடிச்சாரா? கெட்ட ராஜா! அந்த ராஜாவை நாம அடிச்சுப்புடலாமா? கட்டிப் போட்டுடலாமா? சூ! போ ராஜா!"

சூட்டுக்கோல்காரன் மெதுவாக, "மகாராஜா, வரிசை எங்கிருந்து ஆரம்பிக்கணும்?" என்றான்.

ராஜா அவசரமாகப் பிள்ளையைப் பொன்னுருவி கையில் திணித்தார். அவள் மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"அடுப்பை அணைடா! பிள்ளை தாய்கிட்டேயே இருக்கட்டும்" என்றார். பிறகு வேம்பனை முறைத்தார். "ஆதிமொழி தெரியாமலே போச்சே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"தெரிஞ்சுபோச்சே மகாராஜா" என்றான் வேம்பன். "பிள்ளை எப்போ பேசும்னு காத்துக்கிடக்கணும்னார் பண்டிதர். அது ஒரு வார்த்தை பேசுமுன்னேயே நம்ம மூணு பெரியவங்களையும் பேச வெச்சிடுச்சு. எந்தப் பள்ளிக்கூடத்துலயும் படிக்காம, மூணு பேரும் ஒரே மொழிதான் பேசினீங்க. இப்போ நீங்களே ராஜாவைத் திட்டினீங்களே, அந்தக் கொஞ்சுமொழிதான் ஆதிமொழி."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையை எடுத்து வேம்பனிடம் நீட்டினார். அதற்குள் பிள்ளை எட்டிப் பிடித்து மாலையை வாயில் வைத்துக்கொண்டது. பொன்னுருவி பதறிப்போய்ப் பிடுங்கப் போனாள். அப்போது ராஜா என்ன சொன்னார் என்றால், "விடும்மா, அந்த மாலை பிள்ளைக்கே... " ஐயோ, அடுப்புல பால் பொங்குது! இதோ வந்துட்டேன் அத்தை, பாலை இறக்கி வெச்சுடறேன்!