ஆத்தாத் செடிக்கு முள் வந்த கதை

ஆடும் செடியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எபிரெயர் தேசத்துக் காட்டாற்றங்கரையில் ஒரு புதர் நின்றது. அதற்கு ஒரு முள்கூடக் கிடையாது. வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று இருக்கும். பேரும் கிடையாது. ஒன்றுக்கும் உதவாததற்கு யார் மெனக்கெட்டுப் பேர் வைப்பார்கள்?

அந்தப் பக்கம் திர்சாள் என்றொரு கைம்பெண் ஆடு மேய்த்தாள். மூன்று வருஷமாக மழை இல்லை. மந்தையில் பிறந்த குட்டிகளெல்லாம் செத்து, ஒரே ஒரு குட்டிதான் தங்கியிருந்தது. தாயாட்டுக்கு அதுதான் உயிர்.

வெயில் கொளுத்தினால் அந்த ஊர் மேய்ப்பர்கள் மந்தையை வறண்ட ஆற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். மணலுக்கடியில் ஈரம் இருப்பதால் அங்கேதான் கொஞ்சம் புல் மிஞ்சியிருக்கும். அன்றும் திர்சாள் இறக்கினாள்.

“தூரத்து மலை கறுத்திருக்கே, அம்மா,” என்றது புதர்.

“இங்கே வானம் பளிச்சுனு இருக்கு. நீ உன் வேலையைப் பாரு.”

பாவம், தலைக்கு மேலே இருந்த வானத்தை மட்டும்தான் அவள் பார்த்தாள். மலையில் பெய்த மழை திடுதிப்பென்று ஆற்றில் இறங்கியது. ஆடுகள் அலறியடித்துக் கரையேறின. குட்டியை மட்டும் வெள்ளம் புரட்டிக்கொண்டு புதர்ப் பக்கம் வந்தது.

“ஐயோ, என் பிள்ளையை விட்டுராதே! உனக்குப் புண்ணியமாப் போகும்!” என்று கரையில் கதறியது தாயாடு.

புதர் கிளையை நீட்டியது. நனைந்த ரோமம் வழுக்கியது. மறுபடி நீட்டியது, மறுபடியும் வழுக்கியது. “பிடிக்க முடியலையே, தாயே!” என்று அழுதது. பிறகு என்ன நினைத்ததோ, தன் தோலைத் தானே கிழித்துக்கொண்டு, உள்ளே இருந்த வைரக்கட்டையை ஊசி ஊசியாக வெளியே தள்ளியது. ஊசிகள் ரோமத்தில் மாட்டிக்கொண்டன. வெள்ளம் இழுத்தது, புதர் விடவில்லை.

தண்ணீர் வடிந்ததும் திர்சாள் ஓடிவந்தாள். குட்டியின் மேலெல்லாம் ரத்தம்.

“அடப் பாவி, குத்திக் கிழிச்சுட்டியே!” என்று அரிவாளை ஓங்கினாள்.

தாயாடு குறுக்கே வந்து நின்றது. “நிறுத்தும்மா! நீ ஆத்துக்குள்ள இறக்கிவிட்ட என் பிள்ளையை அதுதான் மீட்டுக் கொடுத்துச்சு.”

திர்சாளுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அரிவாளைக் கீழே போட்டாள். “அந்த ஊசியை எல்லாம் உள்ளே இழுத்துக்கோ, ராசா. வலிக்குமே.”

“வந்தது வந்ததுதான், அம்மா. இனி உள்ளே போகாது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் என்னை ஏசப்போறாங்க.”

“ஏசட்டும். நான் உனக்குப் பேர் வைக்கிறேன்,” என்றவள், தங்கள் பாஷையில் ‘ஆத்தாத்’ என்று கூப்பிட்டாள். இறுகப் பிடித்துக்கொள்வது என்று அர்த்தம்.

அன்று முதல்தான் அந்த முள்செடி, பக்கத்தில் யார் போனாலும் துணியைப் பற்றி இழுக்கிறது. நாமோ ‘சனியன்’ என்று திட்டி உதறிவிட்டுப் போகிறோம். அதற்கென்ன தெரியும், நம்மையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது என்று நினைத்துத்தான் பிடிக்கிறது.