கொழிஞ்சேரி ஏரியின் முதல் வெட்டு

கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பேன். ஊராட்சித் தலைவரின் ஆட்கள் யாராவது இருந்தால், கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

கொழிஞ்சேரி ஏரி நிரம்பித் தளும்பினால், கரை தானாக உடையும் முன் கீழ்க்கரையில் ஓரிடத்தை வெட்டிவிட வேண்டும். தண்ணீர் கரைக்குக் கீழே இருக்கும் அம்சவேணி என்பவளின் வயலில் இறங்கி, வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போய்விடும். ஊர் பிழைக்க ஒரு வயல் போகும். அதனால் அங்கே ஒரு முறை உண்டு. யாருடைய இடம் மூழ்கப்போகிறதோ, அவர் கையால்தான் முதல் வெட்டு விழ வேண்டும். அதற்குமுன் வேறு யாரும் கரையில் கை வைக்கக் கூடாது. கோடையில் ஊராரும் தாசில்தாரும் உட்கார்ந்து போட்ட வெள்ளத் திட்டத்திலும் இந்த முறையைச் சேர்த்துக்கொண்டார்கள். வாய்க்காலை யாரும் அடைக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது.

மழைக்கு முன்பே ஊராட்சித் தலைவர் தணிகாசலம் அந்த வாய்க்காலின் குறுக்கே, சூளைத்தெரு வீடுகளை ஒட்டி, தன் கல்யாண மண்டபத்துக்கு மதில் எழுப்பினார். தாசில்தார் அந்த வழியாகத்தான் போனார், வந்தார். மண்டபத் திறப்பு விழாவில் சாப்பிட்டுவிட்டும் போனார்.

ஐப்பசியில் ஏரி தளும்பியது. ஊரே கரையில் கூடியது.

"வெட்டும்மா, நேரமில்லை" என்றார் தாசில்தார்.

அம்சவேணி அசையவில்லை. "வெட்டுறேன் சார். தண்ணி எங்க போகும்? மதில்ல முட்டித் திரும்பி சூளைத்தெருவுக்குள்ளதான் பூந்துடும்."

"மதிலை அப்புறம் பேசிக்கலாம். நெல்லு மேல அவ்வளவு ஆசையா உனக்கு?" என்றார் தலைவர்.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டத்தில் நின்ற சூளைத்தெரு தெரசம்மாவிடம் போய் மண்வெட்டியை நீட்டினாள். "மூழ்கப்போறது உன் வீடுதான்க்கா. மொத வெட்டு உன்னுது. எங்க வெட்டணும்னு நீயே சொல்லு."

தெரசம்மா மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். நேராக மதிலை நோக்கி நடந்தாள். சூளைத்தெருவே கடப்பாரையோடு பின்னால் போனது.

"கேஸ் போடுவேன்!" என்று தலைவர் கத்தினார்.

"போடுங்க. மொதப் பேரு என்னோடதா இருக்கட்டும்" என்றாள் அம்சவேணி.

மதில் விழுந்தது. அம்சவேணி கரையை வெட்ட ஓடிவந்தாள். அதற்குள் கரை தானாகவே உடைந்துவிட்டது. வெள்ளம் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. சூளைத்தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. ஆனால் நிதானமாக இறங்கியிருக்க வேண்டிய தண்ணீர் சீறிப் பாய்ந்ததில், அம்சவேணியின் வயல் மணல் மூடிப் போனது. இனி சில வருஷத்துக்கு அங்கே எதுவும் விளையாது.

வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டாமல் அவள்தான் முறையை மீறினாள் என்கிறார் தலைவர். சொன்னதும் வெட்டியிருந்தால் கரை பிழைத்திருக்கும், ஆகவே நிவாரணம் கிடையாது என்கிறார் தாசில்தார்.

இந்த மூவரில் முறையை மீறியது யார்?

விடை: அம்சவேணி இல்லை. வயல்காரர் வெட்ட வேண்டும் என்றா முறை சொன்னது? மூழ்கப்போகிறவர் வெட்ட வேண்டும் என்றது. மதில் எழுந்த அன்றே மூழ்கப்போகிறவர்களில் சூளைத்தெருவும் சேர்ந்துவிட்டது. அவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேர்த்துவிட்டவர் தலைவர், பார்த்துக்கொண்டு போனவர் தாசில்தார். மீறியவர்கள் அந்த இருவர்தான். கேட்டவள் அம்சவேணி ஒருத்திதான், அதற்கு வயலையே கொடுத்தாள்.

மதிலை மறுபடி எழுப்ப அஸ்திவாரம் தோண்டுகிறார்களாம். தெரசம்மா அந்த மண்வெட்டியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்சவேணியும் கேட்கவில்லை.