மூன்றாம் இலைக்கு ஆசைப்பட்ட முள்ளம்பன்றி

கொம்பன்மலைக் காட்டில் ஈட்டியப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் முதுகு நிறைய முள். அதில் இரண்டு முள் நுனியில் இரண்டு தேக்கிலைகள் குத்தியிருக்கும். அவை வெறும் இலைகள் அல்ல, சான்றிதழ்கள். யாராவது எதிரே வந்தால் ஈட்டியப்பன் வணக்கம் சொல்லாது. திரும்பி நின்று முதுகைக் காட்டும்.

அந்தக் காட்டுக்கு ஒரு கரடிதான் ராஜா. சிங்கம், புலி எதுவும் அந்தப் பக்கம் கிடையாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கரடி ராஜா காடு முழுக்க மூங்கில் குழாய் பதித்து வைத்திருந்தது. ஏரிக்கரையில் நீர்நாய் குழாயில் வாய் வைத்துப் பேசினால் மலையுச்சியில் ராஜாவுக்குக் கேட்கும். எந்தக் குழாயை எதோடு இணைப்பது, எங்கே அடைப்பு என்று பார்ப்பது ஈட்டியப்பனின் வேலை. வேலையோடு சேர்த்து, அரண்மனைப் பக்கத்திலேயே மழைக்கு ஒழுகாத ஒரு வளையும் அதற்குக் கொடுத்திருந்தார்கள். மனைவி முள்ளாச்சியும் குட்டிகளும் அதில் சௌகரியமாக இருந்தன.

ஒரு நிலை பாஸானால் ஒரு இலை என்று சான்றிதழ் கொடுப்பது நரி. "குழாய்க்குரல் பயிலகம்" என்று புதரில் பலகை மாட்டியிருந்தது. நரிக்குக் குழாயில் ஒழுங்காக ஊதக்கூடத் தெரியாது. ஆனால் பரீட்சைக்கு முன்னாலேயே ஒரு கூடை கிழங்கு வாங்கிக்கொண்டு கேள்வியையும் விடையையும் கொடுத்துவிடும். எல்லாரும் நெட்டுருப் போட்டார்கள். எல்லாரும் பாஸ்.

ஒருநாள் ஒரு மைனா ஈட்டியப்பன் முதுகைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன அண்ணே, இலையெல்லாம் சுருங்கிப் போச்சு?"

"சுருங்கினா என்ன? மூணாவது இலையும் வாங்கிட்டா இந்தக் காட்டுல என்னை அசைக்க ஆள் கிடையாது."

"உங்களை அசைக்க மாட்டாங்க. குழாயைத்தான் பிடுங்கப் போறாங்க. மழைக்கு அப்புறம் நாங்கதான் குரலைத் தூக்கிட்டுப் பறக்கப் போறோம். யார் என்ன சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்லுவோம் இல்லையா? ராஜா எங்க தலைவிகிட்ட பேசி முடிச்சிட்டாரு."

வேலை போனால் வளையும் போகும். குட்டிகளை இழுத்துக்கொண்டு எங்கே போவது? ஈட்டியப்பன் நேரே நரியிடம் ஓடியது.

"ஐயா, குழாயைப் பிடுங்கப் போறாங்களாமே. மூணாம் நிலைக்கு இனிமே மதிப்பு இருக்குமா?"

நரி அசரவில்லை. "இனிமேதான்யா மதிப்பு. குழாய் போனா, குழாய் தெரிஞ்சவங்களும் குறைஞ்சுடுவாங்க. ஆள் குறைஞ்சா விலை ஏறுமா, இறங்குமா?"

"ஏறும்."

"கிழங்குக் கூடையை உள்ளே வச்சிட்டுப் போ."

ஈட்டியப்பனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பயந்தவனுக்கு எதுவும் நியாயமாகத்தான் படும். முள்ளாச்சி மட்டும் தலையில் அடித்துக்கொண்டது.

"குழாயே இல்லாத காட்டுல குழாய்ப் படிப்பை வச்சு என்ன செய்யப் போறீங்க? ஊறுகாய் போடவா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

நரி கொடுத்த விடைகளை ஈட்டியப்பன் தூக்கத்திலும் முனகியது. முதல் கேள்விக்கு ஆ, அடுத்ததற்கு ஈ, அதற்கடுத்ததற்கு இ. கேள்வியும் விடையும் கண்ணில் பட்டன, ஆனால் பொருள் என்ன என்று அது யோசிக்கவே இல்லை. பரீட்சையும் எழுதியது, மூன்றாவது இலையும் வாங்கியது. அதே வாரத்தில் யானைகள் வந்து மூங்கில் குழாய்களைப் பிடுங்கி, கரும்பு தின்பதுபோல் மென்றுவிட்டுப் போயின.

மழை விட்டதும் ராஜா ஈட்டியப்பனைக் கூப்பிட்டது. சபையில் ஏகப்பட்ட கூட்டம். முயல்கள் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தன.

"ஏரிப்பக்கம் செந்நாய்க் கூட்டம் வருதுன்னு நீர்நாய் காலையிலயே சேதி அனுப்பியிருக்கு" என்றது ராஜா. "அது எனக்கு வந்து சேரும்போது செந்நாய் வந்து, தின்னு, ஏப்பம் விட்டுட்டுப் போயாச்சு. முயல் குடும்பத்துல ரெண்டு பேரைக் காணோம். மைனாக்கள் வேகமாத்தான் பறக்குது. அப்புறம் ஏன் தாமதம்? நீ மூணு இலை வாங்கினவனாச்சே, சொல்லு."

ஈட்டியப்பன் பணிவாகச் சொன்னது.

"ராஜா, நீங்களே நாலு விடை சொல்லுங்க. அதுல எது சரின்னு நான் சொல்லிடறேன்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. முயல்கள் சிரிக்கவில்லை. ராஜாவும் சிரிக்கவில்லை.

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள காரணத்தோட வா. இல்லைன்னா வளையைக் காலி பண்ணு."

வீட்டுக்கு வந்த ஈட்டியப்பனை முள்ளாச்சி திட்டவில்லை. சாமான்களை ஓரமாக எடுத்து வைக்க ஆரம்பித்தது. அதைப் பார்க்க ஈட்டியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் விடிந்ததும் அது ஏரிப்பக்கம் நடந்தது. பாதி வழியில் ஒரு அத்திமரம். ஏரியிலிருந்து வரும் மைனாக்கள் அங்கேதான் மலை மைனாக்களிடம் சேதியை ஒப்படைக்கும். மரத்தில் ரேஷன் கடை போல நீண்ட வரிசை. முன்னால் ஒரு மைனா, மயில் தன் தோகையைப் பற்றித் தானே சொன்ன புகழுரையை ஒரு சொல் விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது. அடுத்தது குரங்கு வீட்டுக் கல்யாண அழைப்பு. அதற்கும் பின்னால் அணிலின் மாமியார் சண்டை. கடைசியில் ஒரு மைனா படபடத்துக்கொண்டு நின்றது.

"உன் சேதி என்ன?" என்று கேட்டது ஈட்டியப்பன்.

"செந்நாய் மறுபடியும் கிளம்பிடுச்சு, மேட்டுக்காட்டு வழியா சுத்தி வருது."

"அதை வச்சுக்கிட்டு ஏன் நிக்கிற?"

மேல் கிளையிலிருந்து தலைவி மைனா அதட்டியது. "முன்னால வந்தவங்க முன்னால. இங்கே ஓரவஞ்சனை கிடையாது."

அப்போதுதான் ஈட்டியப்பனுக்குச் சுரீர் என்றது. மூன்றாம் நிலைப் பரீட்சையில் 'இ' என்று ஒரு விடை எழுதியதே, அது என்ன? ஒரே குழாயில் பல குரல் வந்தால் ஆபத்துக் குரலுக்கு வழி விடு. அதுதான். எழுத்தைப் படித்தோம், பாடத்தை விட்டோமே என்று அதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரம் இல்லை.

"அம்மா, நீங்க நியாயமானவங்கதான். ஆனா மயிலோட தோகை சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கும். முயலோட உயிர் காத்திருக்காது. ஒரு கிளையைக் காலியா விடுங்க. ஆபத்துச் சேதி வந்தா அந்தக் கிளை வழியா போகட்டும். ராஜா கோபிச்சா பழி என்மேல."

தலைவி மைனா சிறகை ஒதுக்கி வழிவிட்டது; சேதி நேரே ராஜாவுக்குப் பறந்தது.

செந்நாய்கள் முயல்கள் இருந்த மேட்டுக்கு வந்தபோது அங்கே ஒரு காதுகூட வெளியே தெரியவில்லை. வெறும் வயிற்றோடு திரும்பிப் போயின. ராஜா விஷயத்தைக் கேட்டு, ஈட்டியப்பனையே மைனா வரிசைக்கு அதிகாரி ஆக்கியது. முள்ளாச்சி சாமான்களை மறுபடி உள்ளே வைத்தது. இப்போதுதான் ஆசை தீரத் திட்டியது.

சில நாள் கழித்து நரி வந்தது. "தம்பி, மைனாக்குரல் முதல் நிலை ஆரம்பிச்சிருக்கேன். எதிர்காலமே இதுலதான். சேர்றியா?"

"சேர்றேன் ஐயா. விடை வேண்டாம். பாடத்தை மட்டும் சொல்லிக் கொடுங்க."

நரிக்கு முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதே இல்லை. அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிப் போன நரி பிறகு அந்தக் காட்டுப் பக்கமே வரவில்லை.

நீதி: இன்றைக்கு மவுசுள்ள சான்றிதழ் நாளைக்குச் செல்லாமல் போகலாம், புரிந்து படித்த பாடத்துக்கு எந்தக் காலத்திலும் வேலை உண்டு.