கொம்பையாவின் வெள்ளைப் பக்கம்

"என் பக்கத்தக் காணல மேடம். நானும் போயிருதேன்," என்றார் கொம்பையா.

பை ஏற்கெனவே தோளில் ஏறியிருந்தது.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இணையதளம் செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பு அது. மாணவர் கொம்பையா பந்தல் காண்ட்ராக்டர், வயது நாற்பத்தேழு. ஆசிரியை ஹெப்சிபாவுக்கு இருபத்தாறு. கூடப் படிக்கும் பிள்ளைகள் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டார்கள். அதை மட்டும் அவரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அன்றைக்கு மதிப்பீடு. அவரவர் செய்த பக்கத்தைப் பெரிய திரையில் திறந்து காட்ட வேண்டும். காட்டாதவருக்கு அடுத்த கட்டம் இல்லை.

கொம்பையா தன் கடைக்கு ஒரு பக்கம் செய்திருந்தார். வாழைமரம் கட்டிய பந்தல் படம், விலாசம், போன் நம்பர். நேற்று வரை எல்லாம் தெரிந்தது. இன்று திறந்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறும் வெள்ளை.

"எதையும் அழிச்சியளா?" என்று கேட்டார் ஹெப்சிபா.

"ஒரு எழுத்தத் தொடல. காலையில ஒரு குறிப்பு எழுதுனேன், அவ்வளவுதான்."

குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்தது ஹெப்சிபாதான். பக்கத்தை உருவாக்க எழுதும் நிரலுக்கு நடுவே நமக்கு நாமே எதையும் எழுதி வைக்கலாம். தொடங்கும் இடத்தில் ஒரு அடையாளம், முடியும் இடத்தில் ஒரு அடையாளம். முடிவு அடையாளம் வரும்வரை உள்ள எதையும் பிரவுசர் யாருக்கும் காட்டாது. பிள்ளைகள் 'இங்கே படம் வருகிறது' என்பது போல எழுதினார்கள்.

"இந்த மண்டையில இது ஏறாது மேடம். தெரிஞ்சு போச்சு."

ஹெப்சிபா ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நிரல் இருந்த கோப்பைத் திறந்தார்.

"மேலேருந்து வாசிங்க அண்ணாச்சி. சத்தமா."

கொம்பையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். கொஞ்ச தூரத்திலேயே குரல் இறங்கிவிட்டது.

"சத்தமா."

"'தலைப்பு நடுவுல நிக்க மாட்டேங்கு. கொம்பையா, நீ ஒரு தண்டம். உனக்கெல்லாம் எதுக்குடா காலேஜு?'"

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். தன்னைத் திட்டிக்கொள்ள அந்த மனிதருக்கு வேறு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

"நிறுத்தாதிய. கீழ வாசிங்க."

"கடைப் பேரு... பந்தல் படம்... விலாசம்... போன் நம்பர்..." கொம்பையா நிமிர்ந்தார். "எல்லாம் இருக்கு மேடம்!"

"இருக்கு. எங்கயும் போகல."

"பெறகு ஏன் தெரியல?"

"உங்கள வைய ஆரம்பிச்சியல்லா அண்ணாச்சி. அத எங்க முடிச்சிய?"

கொம்பையா திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே போனார். கடைப் பெயரைத் தாண்டினார். வாழைமரத்தைத் தாண்டினார். போன் நம்பரையும் தாண்டிக் கடைசி வரிக்கு வந்துவிட்டார்.

எங்குமே முடிக்கவில்லை.

விரல் மெதுவாக மேலே திரும்பியது. 'காலேஜு' என்ற இடத்தில் நின்றது. அங்கே முடிவு அடையாளத்தைத் தட்டினார். சேமித்தார். பக்கத்தைத் திறந்தார்.

பந்தல் நின்றது. வாழைமரம் நின்றது. தலைப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் ஓரமாகத்தான் இருந்தது.

"அப்பாடா!"

கொம்பையா பையை இறக்கி வைத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு கண்ணையும் துடைத்துக்கொண்டார். 

"அந்த வசவ முதல்ல அழிச்சிருதேன் மேடம். அசிங்கமா இருக்கு."

ஹெப்சிபா எழுந்து நாற்காலியை ஓரமாகத் தள்ளினார்.

"கெடக்கட்டும் அண்ணாச்சி. அதான் முடிச்சாச்சுல்லா. வாங்க, அடுத்தது நீங்கதான்."