ஒரே பாக்கெட், ஒரே ரத்தம்

குலசேகரத்தில் ரப்பர் லாரி ஓட்டிய செல்வின், நாற்பத்தோராம் வயதில் ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அவன் மனைவி மேபெல் எட்டு மாதமாக அவனுடைய காக்கிச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தாள். அதில் சிகரெட் வாசம் இருந்தது. அவன் இருந்த நாளில் "தள்ளிப் படுங்க" என்று அவள் விரட்டிய அதே வாசம். இப்போது அது குறையக் குறைய அவளுக்குப் பதறியது.

செல்வினின் கூட்டாளி ராசலம் வரும்போதெல்லாம் அந்த வாசமும் கூடவே வரும். சாயாவைக் கொடுத்துவிட்டு அவள் உடனே உள்ளே போகமாட்டாள். ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் போவாள். பிறகு வெட்கப்படுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வினின் தம்பி எட்வினும் வந்திருந்தான். சிகரெட்டைத் தொட்டறியாதவன். ராசலத்தைக் கண்டதும் அவன் முகம் சுருங்கியது.

"இந்தச் சிகரெட்தான் எங்க அண்ணனக் கொண்டுபோச்சு."

"அவனும் நானும் இருபது வருசம் ஒரே பாக்கெட்டுலதான் எடுத்தோம். நான் இருக்கேனே?" என்றான் ராசலம். "உங்க ரத்தம் அப்படி. உங்க அப்பாவும் இந்த வயசுலதானே போனாரு."

"எனக்கும் அந்த ரத்தந்தானே ஓடுது? நானும் இருக்கேனே!"

இருவர் பேச்சும் மேபெலுக்குச் சரியாகவே பட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எதுமேல கோவப்படணும்னாவது எனக்குத் தெரியணும்," என்றாள்.

மறுநாள் அவர்கள் இருவரையும், கல்லூரியில் படிக்கும் மகள் ஜெனிலாவையும் கூட்டிக்கொண்டு இதய மருத்துவரிடம் போனாள். மருத்துவர் நால்வரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. இதயத்தைப் பாதிக்கக்கூடிய ஒரு சிறு மரபணு மாற்றம் எட்வினிடம் இருந்தது. ராசலத்திடம் இல்லை. மேபெலிடமும் இல்லை, ஆனால் ஜெனிலாவிடம் இருந்தது. அப்படியானால் அவளுக்கு அது அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். செல்வின் விட்டுப்போனதில் இதுவும் ஒன்றா என்று மேபெல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டவர்களே, சொல்லுங்கள்: செல்வினைக் கொண்டுபோனது புகையா, ரத்தமா? எட்வின், ராசலம் இருவரில் யார் சொன்னது சரி?

விடை: ஆளுக்குப் பாதி சரி. அந்த மாற்றம் மட்டும் இருந்தாலும் ஆபத்து கூடும். புகை மட்டும் இருந்தாலும் கூடும். ராசலம் உயிரோடு இருப்பது சிகரெட்டுக்கு நற்சான்று அல்ல. ஆனால் இரண்டும் ஓர் உடலில் சேரும்போது ஒன்றை ஒன்று தூண்டி ஆபத்தைப் பல மடங்காக்கிவிடும். செல்வின், எட்வின், ராசலம் மூவரில் செல்வினிடம் மட்டுமே இரண்டும் சேர்ந்திருந்தன. மருத்துவர் இதைச் சொன்னபோது மேபெல், "ரத்தத்த அவரால மாத்தியிருக்க முடியாது. மத்தது அவரு கையிலதானே இருந்துது," என்றாள். அத்தனை மாதம் வராத கோபம் அன்றுதான் வந்தது. கோபம் வந்த பிறகே அவளால் வாய்விட்டு அழ முடிந்தது.