எண் இல்லாத பக்கம்

"என் அளவுல என்ன தப்பு சிஸ்டர்?"

தெய்வானை இதைக் கேட்பது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் ரூபி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

குரு ரூபிக்கு வயது முப்பது. சிஷ்யைக்கு ஐம்பத்து மூன்று. இருபது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் கத்தி எடுத்துக் கொடுத்த நர்ஸ் தெய்வானை. அவளைச் சுகாதார நிலையத்துக்கு மாற்றி, கர்ப்பிணிகளின் வயிற்றை அளக்கப் பழகிக்கொள் என்று சின்னவளிடம் அனுப்பியிருந்தார்கள். மேலதிகாரிகளுக்கு இதிலெல்லாம் கூச்சம் கிடையாது.

வேலை என்னவோ எளிதுதான். கருப்பையின் உச்சியிலிருந்து அடிவயிற்று எலும்புவரை டேப்பை வைக்க வேண்டும். இருபத்து நான்கு வாரத்துக்கு மேல், எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்கும். குறைந்தால், உள்ளே பிள்ளை வளர்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

தெய்வானை அளந்த வயிறு எதுவும் குறைந்ததில்லை. இருபத்தெட்டு வாரம் என்றால் இருபத்தெட்டு. முப்பது என்றால் முப்பது. அவள் எழுதிய கர்ப்பிணி அட்டைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

போன வாரம் அப்படி ஓர் அட்டைக்காரிக்குப் பிரசவம் ஆனது. மாதம் நிறைந்த பிள்ளை, எடை ஒன்றேமுக்கால் கிலோ. பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது.

அன்றிலிருந்து தெய்வானைக்குச் சோறு இறங்கவில்லை.

"பிள்ளை சின்னதா இருந்தா டேப்புல தெரிஞ்சிருக்கணும்லா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே. இனிமே ஒரு வயித்தைத் தொடவே பயமா இருக்கு சிஸ்டர்."

ரூபி வாசலைப் பார்த்து, "அடுத்த ஆளு வாங்க," என்றாள்.

சண்முகக்கனி வந்தாள். அவளுக்குத் தலைப்பிள்ளை. பாத்ரூம் போய்விட்டு வந்து, கட்டிலில் மல்லாந்து காலை நீட்டினாள். அட்டையைத் தெய்வானையிடம் கொடுத்தாள்.

"முப்பத்துநாலு வாரம்," என்று தெய்வானை வாசித்தாள்.

"அளங்க அக்கா."

அளந்தாள். டேப் முப்பத்துநாலு காட்டியது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

"சரியா இருக்கு சிஸ்டர்."

ரூபி அட்டையை வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். வேறொரு டேப்பை எடுத்துக் கொடுத்தாள். அதன் ஒரு பக்கத்தில் எண்களின் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம்தான் மேலே இருந்தது.

"இப்ப அளங்க."

"நம்பரே தெரியலையே."

"ஆமா."

எங்கே நிறுத்துவது என்று தெய்வானைக்கு விளங்கவில்லை. விலா எலும்பிலிருந்து விரலை மெல்ல இறக்கினாள். கொஞ்சம் முன்பு விரல் நின்ற இடத்தில் வெறும் சதைதான் இருந்தது. இன்னும் இறங்கினாள். அங்கேதான் உச்சி கெட்டியாகத் தட்டுப்பட்டது.

டேப்பை வைத்து, எலும்பு வந்த இடத்தில் நகத்தால் இறுக்கிப் பிடித்தாள். ரூபி அதைத் திருப்பிக் காட்டினாள்.

முப்பத்தொன்று.

"டேப் நழுவியிருக்கும்."

"திரும்ப அளங்க."

முப்பத்தொன்று. மூன்றாம் தடவையும் அதேதான்.



"அப்ப முதல்ல வந்த முப்பத்துநாலு எங்க இருந்து வந்துச்சு சிஸ்டர்?"

ரூபி, அட்டை கிடந்த தன் கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினாள்.

பிறகு போனை எடுத்தாள். ஸ்கேனுக்கு ஓர் ஆள் வருகிறது, இன்றைக்கே பார்த்தாக வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொன்னாள். வண்டியை வாசலுக்கு வரச் சொன்னாள்.

சண்முகக்கனி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா, பிள்ளைக்கு ஏதாச்சுமா?"

தெய்வானை ரூபியைப் பார்த்தாள். ரூபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல குரு, சமயம் பார்த்துக் கைகழுவிவிட்டாள்.

"தெரியலை தாயி. வளர்ச்சி குறைவோன்னு சந்தேகமா இருக்கு. ஸ்கேன் பண்ணித்தான் சொல்ல முடியும்."

"போன தடவை எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்களே. அதுக்கு முந்தின தடவையும் சொன்னீங்க."

தியேட்டரில் இருபது வருடமாக யாரும் தெய்வானையை இப்படிக் கேட்டதில்லை. அங்கே படுத்திருப்பவர்கள் மயக்கத்தில் இருப்பார்கள்.

"உன்னைப் பார்க்காமச் சொல்லிட்டேன் தாயி," என்றாள். கண் கலங்கிவிட்டது.

சண்முகக்கனி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கிடந்தாள். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"இப்பப் பார்த்தாச்சுல்லா?"

"பார்த்தாச்சு."

"அப்ப நீங்களே கூட வாங்க."